மப்பும் மந்தாரமும்

ஐப்பசி மாதத்து விடியற்காலை. கமக்காரர் ஒருவர் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு படலையைத் திறக்கிறார். வானத்தை அண்ணாந்து பார்க்கிறார். மழை பெய்கிறதா என்றால் இல்லை. வெயில் எறிக்கிறதா என்றால் அதுவும் இல்லை. "மப்பும் மந்தாரமுமாய்க் கிடக்குது" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு தோட்டத்தை நோக்கி நடக்கிறார். படித்தவர், படியாதவர் என்ற பேதமின்றி யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே நாவிற் புழங்கி வருகின்ற இந்தச் சிறிய வார்த்தைக்குள்ளே சைவசித்தாந்தத்தின் பெரியதொரு உண்மை ஒளிந்திருக்கின்றது என்று சொன்னால் அந்தக் கமக்காரரே சிரிப்பார். ஆயினும் அது மெய்யேயாகும்.

மப்பு என்பது இருட்டு அன்று. இருட்டு என்றால் சூரியன் இல்லை என்று பொருள். மப்பு நாளிலோ சூரியன் உதித்தேயிருக்கும். மணிக்கூட்டைப் பார்த்தால் காலை ஒன்பது மணியாகியிருக்கும். வெளிச்சமும் ஓரளவுக்கு இருக்கும். ஆனால் நிழல் விழாது. முற்றத்திலே பாய் விரித்துப் பரப்பிய ஒடியல் காயாது. அவித்த நெல்லைக் காயவிட்ட வீட்டுக்காரிக்கு நிம்மதி இராது. அள்ளுவதா விடுவதா என்று வாசலுக்கும் முற்றத்துக்குமாக நடந்துகொண்டிருப்பாள். வெங்காயம் நட்டவரைக் கேட்டால், கொட்டுகிற மழையைக்கூடப் பொறுக்கலாம், நாட்கணக்கில் மூடிக்கொண்டு நிற்கிற மப்பைப் பொறுக்க ஏலாது என்பார். மழையானால் மழைக்கேற்ற வேலையைச் செய்யலாம். வெயிலானால் வெயிலுக்கேற்ற வேலையைச் செய்யலாம். மப்பு எதையும் முடிவு செய்ய விடாது.

இந்தச் சொல் வானத்தோடு நின்றுவிடுவதில்லை. உண்ட உணவு செமியாமல் வயிறு கனத்துக் கிடப்பதையும் மப்பு என்பர். கள்ளோ சாராயமோ குடித்துத் தள்ளாடி வருபவனைக் கண்டால், "ஆள் நல்ல மப்பிலே வருகிறார், விலத்தி நில்லுங்கோ" என்பர். சிலவேளை ஒரு துளியும் குடியாதவனைப் பார்த்தும் அதே வார்த்தையைச் சொல்வதுண்டு. கையிலே நாலு காசு சேர்ந்த பிறகு பழகியவர்களைத் தெரியாதவர்போல நடக்கிறவன், பதவியொன்று கிடைத்தவுடன் பெரியோரைக் கண்டும் காணாமற் போகிறவன், இவர்களையும் மப்பிலே நடக்கிறான் என்று ஊர் சொல்லும். வானத்து முகிலுக்கும், வயிற்று மந்தத்துக்கும், குடிவெறிக்கும், செருக்குக்கும் ஒரே பெயரை இட்ட கிராமத்து மக்கள் எந்தச் சாத்திரமும் படித்து அதைச் செய்யவில்லை. நான்கிலும் ஒரே குணத்தைக் கண்டார்கள். இருக்கின்ற ஒன்றை இல்லாததுபோல ஆக்குவதே அந்தக் குணம்.

மப்போடு எப்போதும் ஒட்டிக்கொண்டு வருகின்ற மந்தாரம் என்ற சொல்லும் வேடிக்கையானது. மூடிய வானத்துக்கு அது பெயர். தேவலோகத்திலே உள்ளனவாகச் சொல்லப்படும் ஐந்து தருக்களுள் ஒன்றுக்கும் மந்தாரம் என்றே பெயர். பொழுதுபடுகின்ற வேளையை யாழ்ப்பாணத்தார் மைமல் பொழுது என்பார்கள். மை என்பது கருமை. ஆட்களின் முகம் தெரிந்தும் தெரியாமலும் இருக்கின்ற அந்த நேரத்திலேதான் வீட்டிலே விளக்கு வைப்பது வழக்கம். பழந்தமிழ் நூல்களிலே மம்மர் என்றொரு சொல் மயக்கத்துக்கும் துன்பத்துக்கும் வழங்கியது. மால் என்றாலும் மயக்கந்தான். கருமையும் முகிலும் பெருமையும் அதன் பிற பொருள்கள். திருமாலைக் குறிப்பதும் அச்சொல்லே. கார் என்றால் கருமை, முகில், மழைக்காலம். இவற்றையெல்லாம் பார்க்கும்போது, தமிழர் கருமையை வெறுக்கவில்லை என்பது தெளிவாகும். நஞ்சுண்டு கறுத்த கண்டத்தை உடைய பெருமானைத் திருநீலகண்டர் என்று பெயர் சொல்லி வணங்குகின்ற சமயத்திலே கறுப்பு எப்படி இழிவாகும்? தமிழர் அஞ்சியது நிறத்துக்கு அன்று, மறைப்புக்கே.

சைவசித்தாந்த நூல்கள் இந்த மறைப்புக்கு ஆணவ மலம் என்று பெயர் கூறுகின்றன. ஆணவம், கன்மம், மாயை என மலங்கள் மூன்று. நெல்லுக்கு உமிபோலவும், செம்புக்குக் களிம்புபோலவும் உயிரோடு அநாதியே கூடிநிற்பது ஆணவம். இடையிலே வந்து பிடித்ததன்று. ஒருவர் கொண்டுவந்து பூசியதுமன்று. 14 ஆம் நூற்றாண்டிலே வாழ்ந்த உமாபதி சிவாசாரியார் அருளிய திருவருட்பயன் நூறு குறள் வெண்பாக்களால் ஆனது. பத்துப் பத்தாகப் பகுக்கப்பட்ட அந்நூலின் மூன்றாம் பத்து முழுவதையும் அவர் இந்த மலத்துக்கே ஒதுக்கியிருக்கின்றார். அதற்கு அவர் இட்ட பெயர் இருண்மலநிலை. இருள் என்றே அதனை அழைக்கின்றார்.

அங்கே அவர் சொல்லுகின்ற ஒரு செய்தி உற்று நோக்கத்தக்கது. உலகத்து இருட்டுக்கும் ஆணவ இருளுக்கும் உள்ள வேறுபாடு அது. அமாவாசை இரவிலே வெளியே வந்தால் மரம் தெரியாது, வேலி தெரியாது, கிணறு தெரியாது. ஆனால் இருட்டாக இருக்கிறது என்பது மட்டும் நன்றாகத் தெரியும். பொருள்களை மறைக்கின்ற இருட்டு, தன்னை மறைத்துக்கொள்வதில்லை. ஆகவேதான் மனிதன் கையிலே விளக்கை எடுக்கிறான். காலைப் பார்த்து வைக்கிறான். வழி தெரியாவிட்டால் குரல் கொடுத்துக் கேட்கிறான். ஆணவமோ பிற பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. ஆணவம் பிடித்தவன் ஒருநாளும் தனக்கு ஆணவம் இருக்கிறது என்று சொன்னதில்லை. தனக்கு மானரோசம் இருக்கிறது என்றுதான் சொல்லுவான். நியாயம் தன் பக்கம் இருக்கிறது என்பான்.

அதனாலேதான் ஆணவத்தை விளக்குவதற்கு இருட்டைவிட மப்பு என்ற கிராமத்துச் சொல் ஒருபடி நெருக்கமாக வந்துவிடுகின்றது. இருட்டிலே நிற்பவனுக்குத் தான் காணவில்லை என்பது தெரியும். மப்பிலே நிற்பவனோ தான் காண்கிறேன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறான். குடித்தவனிடம் போய் "குடித்திருக்கிறாய்" என்று சொல்லிப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

முகில் சூரியனை மூடிவிட்டது என்று எல்லோரும் சொல்லுகிறார்கள். உண்மையிலே நடந்தது என்ன? சூரியன் பூமியைப் போலப் பத்து இலட்சம் உருண்டைகளைத் தன்னுள்ளே அடக்கக்கூடிய பெரிய பொருள். ஒரு ஊருக்கு மேலே நிற்கின்ற முகில் அதனை எப்படி மூடும்? மூடப்பட்டது சூரியன் அன்று, பார்க்கின்றவனுடைய கண்தான். கண்ணுக்கு முன்னாலே சுண்டுவிரலைக் கிட்டப் பிடித்தால் எதிரே நிற்கின்ற கோபுரம் மறைந்துபோகும். கோபுரம் சிறியதாகிவிடவில்லை, விரல் பெரியதாகிவிடவுமில்லை. விரல் கண்ணுக்குக் கிட்ட இருக்கிறது, அவ்வளவே. ஆணவமும் உயிருக்கு அவ்வளவு கிட்ட இருக்கின்றது. உயிரிலும் மிகக் கிட்ட இறைவன் இருக்கின்றான் என்பது சித்தாந்தம். அவ்வளவு கிட்ட இருந்தும் காணப்படாமல் இருக்கின்றான் என்றால் குறை எங்கே என்பதை ஊகித்துக்கொள்ளலாம். நண்பகலிலே கண்ணைத் திறந்து வைத்திருக்கும் கூகைக்குச் சூரிய வெளிச்சமே இருளாகிவிடுவதையும் உமாபதியார் எடுத்துக்காட்டுகின்றார்.

உயிருக்கு ஒரு இயல்பு உண்டு. எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகிவிடுவது. கண் வெளிச்சத்தோடு கூடினால் வெளிச்சமாகவே நிற்கும், இருட்டோடு கூடினால் இருட்டாகவே நிற்கும். இந்த இயல்பினாலேதான் மனிதன் கெடுகின்றான். இந்த இயல்பினாலேயே அவனுக்கு ஈடேற்றமும் உண்டு. இருளைச் சார்ந்து இருண்டவன் ஒளியைச் சார்ந்து விளங்கலாம். ஆனால் பூரண ஒளி வரும்வரை என்ன செய்வது? அதற்காகவே இறைவன் மாயையிலிருந்து உடலையும், கண் காது முதலிய கருவிகளையும், உலகத்தையும், போகங்களையும் கொடுத்திருக்கின்றான். விடியும்வரைக்கும் ஏற்றிவைத்த விளக்குப் போன்றது மாயை என்று பெரியோர் கூறுவர். விளக்கு சூரியனாகாது. ஆனாலும் விடிகிறவரை அது வேண்டும்.

இந்த உவமையை யாழ்ப்பாணத்து மக்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. 1990 ஆம் ஆண்டிலே போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டிலே மின்சாரம் நின்றுபோயிற்று. அது பல ஆண்டுகளுக்கு மீண்டு வரவில்லை. மண்ணெண்ணெய்க்கும் பெருந்தட்டுப்பாடு. ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்காக வரிசையிலே நின்றவர்களும், சைக்கிளிலே பல மைல் ஓடியவர்களும் உண்டு. அந்த நாட்களிலே வெறும் ஜாம் போத்தலுக்குள்ளே பஞ்சும் சிறிதளவு எண்ணெயும் இட்டுச் சிறு திரியை எரியவிடுகின்ற விளக்கு வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்தது. அந்தச் சிறிய சுடரைச் சுற்றி நாலு பிள்ளைகள் புத்தகத்தை விரித்துவைத்துப் படித்தார்கள். க.பொ.த. சாதாரண தரம் எழுதினார்கள், உயர்தரம் எழுதினார்கள், பல்கலைக்கழகம் போனார்கள். வெளியிலே இருந்த இருட்டு அவர்களைத் தடுக்கவில்லை. இருட்டு இருக்கிறது என்று தெரிந்தபடியால், இருந்த துளி எண்ணெயை வீணாக்காமல் படித்தார்கள். விளக்கை நூர்த்துவிட்டுப் படுக்கும்போது அடுத்தநாளுக்கு எவ்வளவு மிச்சம் என்று போத்தலைத் தூக்கிப் பார்த்தார்கள். ஆயுளாகிய எண்ணெயையும் அப்படித் தூக்கிப் பார்க்கின்றவர்கள் எத்தனை பேர்?

மப்பு என்பதன் முழுப் பொருளையும் ஓரிடத்திலே காணவேண்டுமானால் கந்தபுராணத்தைத்தான் பார்க்க வேண்டும். கச்சியப்ப சிவாசாரியார் அருளிய அந்த நூலை யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே ஒருவர் வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, ஊர் கூடியிருந்து கேட்ட மரபு நெடுங்காலமாக உள்ளது. சூரபன்மனை ஆணவமாகவும், சிங்கமுகனைக் கன்மமாகவும், தாரகனை மாயையாகவும் பயன் சொல்லுவோர் விரித்துரைப்பர். சூரசங்காரத்தன்று வெளிவீதியிலே சூரன் தலையை மாற்றி மாற்றிக்கொண்டு ஓடுவதைப் பார்க்கச் சிறுவர்கள் மதிலிலும் ஏறி நிற்பார்கள். ஆனால் அந்த ஆரவாரத்திலே பார்க்கத் தவறிவிடுகின்ற ஒரு கட்டம் புராணத்துக்குள்ளே இருக்கின்றது.

போர்க்களத்திலே தம்பியரையும் மைந்தரையும் சேனையையும் இழந்து சூரன் தனியனாக நிற்கின்றான். முருகப்பெருமான் கருணையினாலே தமது விசுவரூபத்தை அவனுக்குக் காட்டுகின்றார். பாலன் என்று எள்ளிநகையாடிய திருவுருவத்திலே அண்டங்களெல்லாம் அடங்கியிருப்பதைச் சூரன் காண்கின்றான். அவனுடைய மனம் மாறிவிடுகின்றது. வியந்து நிற்கின்றான். தன் கால்கள் அப்பெருமானை வலம்வர ஆசைப்படுகின்றன, கைகள் கூப்ப ஆசைப்படுகின்றன, தலை தாழ ஆசைப்படுகின்றது, நாக்குத் துதிக்க ஆசைப்படுகின்றது, அவர்க்கு ஆளாகிவிடவும் மனம் விரும்புகின்றது என்று உணர்கின்றான். அதன்பின் வருவதுதான் அந்தக் கட்டத்தின் உயிர். இத்தனையும் செய்யவிடாமல் மானம் என்ற ஒன்றே தடுத்து நிற்கின்றது என்று அவனே ஒப்புக்கொள்கின்றான்.

கால் ஆயத்தம், கை ஆயத்தம், தலை ஆயத்தம், மனமும் ஆயத்தம். தடையாக நின்றது ஒன்றே ஒன்று. நூற்றெட்டு யுகம் ஆயிரத்தெட்டு அண்டங்களை ஆண்டவனாலே ஒரு அடி முன்னே எடுத்துவைக்க முடியவில்லை. சூரன் என்றவுடன் கொம்பும் கோரைப்பல்லும் உள்ள அரக்கனாக நினைத்துக்கொள்பவர்கள் இந்த இடத்தைக் கேட்டுவிட்டுச் சற்று மௌனமாகிவிடுவது உண்டு. கோபித்துக்கொண்ட உறவினரின் வீட்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்தவர்களுக்கு அது அயலாருடைய கதையாகப் படுவதில்லை.

பின்பு பெருமான் விசுவரூபத்தை மறைத்துக்கொண்டு முன்னைய உருவத்தோடு நிற்க, சூரனுக்கு வந்த நல்லுணர்வும் போய்விடுகின்றது. முன்னையிலும் பெரிய கோபம் எழுகின்றது. அப்போது அவன் எடுக்கின்ற வடிவங்களுள் ஒன்று இருள். உலகமெங்கும் பேரிருளாகப் பரந்து நின்று ஆரவாரிக்கின்றான். தேவர்கள் நடுங்கிப் பெருமானிடம் முறையிடுகின்றார்கள். பெருமான் வேலை விடுக்கின்றார். வேலின் பேரொளி வருவதைக் கண்டு இருள் வடிவத்தை விட்டுச் சூரன் கடலுக்குள்ளே மாமரமாகி நிற்கின்றான். மானத்தினாலே தடுக்கப்பட்டவன் அடுத்ததாக இருளாகவே ஆகிவிட்டான் என்பது கச்சியப்பர் அமைத்துவைத்த ஒழுங்கு. வணங்கியிருக்க வேண்டிய வேளையிலே வணங்காதவன் வெறும் கோபக்காரனாக நின்றுவிடவில்லை. தன்னைச் சுற்றியுள்ள எல்லோருக்கும் இருட்டாகிப் போனான்.

வேல் மாமரத்தை இருகூறாக்கியது. கூறுகள் மயிலும் சேவலுமாயின. பெருமான் மயிலை ஊர்தியாகவும் சேவலைக் கொடியாகவும் ஏற்றுக்கொண்டார். சூரன் அழிக்கப்படவில்லை என்பதை அடியார் அவதானிக்க வேண்டும். விடியலை முதலிலே கூவி அறிவிக்கின்ற பறவை சேவல். இருளாக நின்றவனையே விடியலைச் சொல்லுகின்ற வேலைக்கு வைத்துக்கொண்டார்! நடராசப் பெருமானின் திருவடியின் கீழே கிடக்கின்ற முயலகனும் இறந்துகிடக்கவில்லை. அவனை ஆணவத்தின் அடையாளமாகக் கொள்வர். ஆணவம் ஒருபொழுதும் இல்லாத பொருளாகிவிடுவதில்லை, அதன் வலிமை மட்டும் மடங்கிப்போகும் என்பது சித்தாந்தத்தின் முடிபு. திருவடி மேலே இருக்கும்வரை முயலகன் கிடப்பான்.

அந்த ஊன்றிய திருவடிக்கு வேறொரு பொருளும் உண்டு. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்ற ஐந்தொழில்களுள் மறைத்தலைக் குறிப்பது ஊன்றிய திருவடி. அருளலைக் குறிப்பது தூக்கிய திருவடி. மறைத்தலும் இறைவனுடைய தொழிலா, அவன் ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றும். கமக்காரரிடம் கேட்டால் விடை வரும். முகிலை உண்டாக்குவதும் சூரியன்தான். கடல் நீரை ஆவியாக்கி மேலே ஏற்றுவது அதே வெயில். அந்த முகில் சூரியனை மறைக்கின்றது. பின்பு மழையாகி விழுகின்றது. ஐப்பசி கார்த்திகையிலே வானம் மூடாவிட்டால் வடபகுதியிலே மாரி வெள்ளாமை இல்லை, கிணற்றிலே தண்ணீர் இல்லை. பழுக்காத உயிரைப் பழுக்க வைப்பதற்காக இறைவன் செய்கின்ற மறைப்பைத் திரோதானம் என்பர். அதுவும் அருளே. கோயிலிலே அபிஷேகம் முடிந்து அலங்காரம் நடக்கின்ற வேளையிலே மூலஸ்தானத்துக்கு முன்னே திரை போடப்படுகின்றது. உள்ளே நடப்பது தெரியாது. அடியார்கள் சலிப்பதில்லை, திரை விலகும், அடுக்குத் தீபத்தின் ஒளியிலே திருமுகம் தெரியும் என்று கைகூப்பியபடி காத்திருக்கின்றார்கள்.

ஆனால் இறைவன் போட்ட திரை வேறு, மனிதன் போட்ட திரை வேறு. ஆதனூரிலே வாழ்ந்த திருநாளைப்போவார் திருப்புன்கூருக்குப் போனபோது கோயிலுக்குள்ளே செல்ல அவருக்கு இடமில்லை. வெளியே நின்று பார்த்தால் நந்தி மறைக்கின்றது. அவருடைய ஏக்கத்தைக் கண்ட சிவலோகநாதர் நந்தியை விலகச் செய்தார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. அத்தலத்து நந்தி இன்றைக்கும் நேரே இல்லாமல் ஒருபக்கம் விலகியே இருக்கின்றது. கல் நந்தி விலகிற்று. அங்கே நின்ற மனிதர் யாரும் விலகியதாக வரலாறு இல்லை. இந்நாட்டிலே சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957 ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்டது. அதற்குப் பின்பும் 1960களின் இறுதியிலே ஆலயக் கதவுகளைத் திறக்கும்படி மக்கள் வீதியிலே இருந்து போராட வேண்டியிருந்தது. ஆண்டவன் சந்நிதியிலே பிறப்பைச் சொல்லி அடியாரை மறித்து நின்றவர்கள் தங்களைத் தீயவர்களாக எண்ணியிருப்பார்களா? இல்லை. கோயிலைக் காக்கிறோம் என்றே எண்ணினார்கள். மப்பு அப்படித்தான் வேலை செய்யும்.

இந்த மப்பு கோயில் வீதியை விட்டு முற்றாகக் கலைந்துபோயிற்று என்று சொல்வதற்கில்லை. முதற் காளாஞ்சி யாருக்கு என்ற கேள்வியிலே அது வந்து நிற்கும். திருவிழா உபயத்திலே, கணக்கு வழக்கிலே, நோட்டீசிலே பெயர் மேலே வந்ததா கீழே வந்ததா என்பதிலே வந்து நிற்கும். வழக்காகி, பூட்டாகி, பூசையே நின்றுபோன கோயில்களும் உண்டு. அங்கே வழக்காடிய இரு பகுதியினரும் பக்தர்கள்தாம். விரதம் பிடிப்பவர்கள், தேவாரம் பாடுபவர்கள். இரு பகுதியாரும் காலையிலே எழுந்து அதே பெருமானிடமே தங்கள் வெற்றிக்காக நேர்ந்தும் இருப்பார்கள்.

எந்த ஊரிலும் இருக்கக்கூடிய ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். அண்ணன் தம்பி இருவர். தகப்பன் செய்த ஐந்தாந் திருவிழா இருவருக்கும் பொது. ஒருவருடம் மேளம் பேசியதிலே கருத்து வேறுபாடு. அன்று இரவு காளாஞ்சியைக் குருக்கள் மூத்தவர் கையிலே கொடுக்க, தம்பியின் பக்கத்திலே நின்ற யாரோ ஒருவர் ஏதோ சொல்லிவிட்டார். சொன்னவர் மறந்துபோனார். கேட்டவர் மறக்கவில்லை. வேலி உயர்ந்தது. பொட்டு அடைபட்டது. தாயார் நோயாகக் கிடந்தபோது ஒருவர் காலையிலும் மற்றவர் மாலையிலும் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார்கள். செத்தவீட்டிலும் இருவரும் இரண்டு மூலையிலே நின்றார்கள். கொள்ளிக்கு மட்டும் ஒன்றாக நடந்தார்கள். போகவேண்டும், ஒரு வார்த்தை பேசவேண்டும் என்று இருவருக்குமே இரவுகளிலே தோன்றியதுண்டு. கால் ஆயத்தமாகத்தான் இருந்தது.

அவர்களுக்குப் பொதுவாக மிஞ்சியது பங்குக் கிணறு ஒன்றே. எல்லை வேலி கிணற்றைத் தொட்டு நிற்கும். ஒருவர் இந்தப் பக்கம் அள்ளுவார், மற்றவர் அந்தப் பக்கம் அள்ளுவார். ஒருவர் கப்பியின் சத்தம் கேட்டால் மற்றவர் வாளியை எடுக்கமாட்டார்.

கார்த்திகை விளக்கீடு வந்தது. பிரமாவும் திருமாலும் தாமே பெரியவர் என்று பிணங்கியபோது சிவபெருமான் அடியும் முடியும் காணமுடியாத சோதியாய் நின்றதை நினைவூட்டுகின்ற திருநாள் அது. கோயில் முன்றலிலே பனையோலை வேய்ந்த சொக்கப்பனை ஆயத்தமாகி நின்றது. வீடுகளிலே வாசலிலே வாழைக்குற்றி நட்டு அதன் தலையிலே விளக்கு வைத்தார்கள். பழைய வேட்டித்துணியைத் தடியிலே சுற்றி எண்ணெயிலே தோய்த்த சிறு பந்தங்களைப் பிள்ளைகள் கொண்டு ஓடி, படலையடியிலே ஒன்று, மாட்டுக்கொட்டிலிலே ஒன்று, கிணற்றடியிலே ஒன்று என்று குத்தினார்கள். அன்றைக்குக் காலையிலிருந்தே வானம் மப்பும் மந்தாரமுமாகத்தான் கிடந்தது. மைமல் பொழுதிலே ஈரக்காற்று எழுந்தது.

கிணற்றின் இந்தப் பக்கத்துப் பந்தம் படபடத்து நூந்துபோயிற்று. அந்தப் பக்கத்துப் பந்தம் எரிந்துகொண்டிருந்தது. தம்பியாரின் கடைசிப் பிள்ளைக்கு ஏழு வயதிருக்கும். நெருப்புப்பெட்டிக்கு வீட்டுக்கு ஓட அதற்குப் பொறுமையில்லை. நூந்த தடியைப் பிடுங்கிக்கொண்டு கிணற்றுக்கட்டைச் சுற்றி அந்தப் பக்கம் போய்விட்டது. அங்கே பெரியவர் தம்முடைய பந்தத்துக்குக் காற்றுப் படாமல் கையால் அணைத்துக்கொண்டு நின்றார்.

"பெரியப்பா, எங்கட பந்தம் நூந்து போச்சுது."

பெரியப்பா என்று அந்த வாய் அழைத்தது அதுதான் முதற்தடவை. பெரியவர் பிள்ளையைப் பார்த்தார். தம்பியின் சின்ன வயது முகம் அப்படியே இருந்தது. தம்முடைய பந்தத்தைச் சற்றுச் சாய்த்துக் கொடுத்தார். ஈரத்துணி பற்ற நேரமெடுத்தது.

"காத்து அடிக்குது மோனை. நீ தனியக் கொண்டு போனால் திரும்பவும் நூரும்" என்றார்.

பிள்ளை ஒரு கையால் தடியைப் பிடித்தது. மற்றக் கையால் அவருடைய விரலைப் பிடித்தது. அவர் கையை விரித்துச் சுடரை மறைத்தபடி கிணற்றுக்கட்டைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தார். குசினி வாசலிலே தம்பியார் நின்றுகொண்டிருந்தார். கோயிலிலே சொக்கப்பனைக்கு நெருப்பு வைத்து மணியடித்துக் கேட்டது. மழையின் முதல் துளிகள் விழத் தொடங்கின.

"அண்ணை, நனையப் போறியள், உள்ளுக்கு வாங்கோ" என்றார் தம்பியார்.

திருச்சிற்றம்பலம்.